மேலே வீடு, கீழே கடை

சிங்கப்பூர் போகிறவர்கள் என்னென்ன பார்த்துவிட்டு வருவார்கள் என்று நமக்குத் தெரியும். மரினா பே, செந்தோசா, இரவு விலங்குத் தோட்டம், கடைசி நாளில் முஸ்தபாவில் சாமான் வாங்குவது. இந்த முறை அவற்றையெல்லாம் விட்டுவிட்டு நகரத்தின் நடுப்பகுதியில் மட்டும் நடக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். உலகத்திலேயே நிலத்தின் விலை உச்சத்தில் இருக்கும் நகரங்களில் ஒன்று இது. ஆனால் வங்கிக் கோபுரங்களிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் பேருந்து ஓட்டுநரும், பள்ளி ஆசிரியையும், வேலையிலிருந்து ஓய்ந்த தாத்தாவும் குடியிருக்கும் அரசு வீடுகள் வந்துவிடுகின்றன. அந்த வீடுகளுக்குக் கீழேயே ஐந்து வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலரை அங்கே வெள்ளி என்பார்கள்) ஒருவேளைச் சாப்பாடு கிடைக்கிறது. செருப்பு தைக்கவும் சாவி வெட்டவும் ஆள் இருக்கிறார்கள். இது எப்படி நடந்தது, இன்னும் எத்தனை காலம் நிற்கும் என்பதை நடந்தே பார்க்க ஆசைப்பட்டேன்.

தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் இறங்கினேன். காலை எட்டரை மணி. கழுத்தில் அடையாள அட்டை தொங்க அலுவலகக் கூட்டம் ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கமாக, கீரையும் மீனும் நிரம்பிய சக்கரக் கூடையை இழுத்துக்கொண்டு வயதான பெண்கள் சந்தையிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒரே நடைபாதையில் இந்த இரண்டு கூட்டமும் உரசிப் போவதை அங்கே யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். பெருநகரங்களின் வணிக மையங்களில் மாலை ஆறு மணிக்குமேல் காவலாளிகளைத் தவிர ஆளே இருக்காது. இங்கே ஆறு மணிக்குப் பிள்ளைகள் கீழே பந்து விளையாட இறங்குகிறார்கள்.

கேன்டோன்மென்ட் சாலையில் நிற்கிறது ‘பின்னக்கல்@டக்ஸ்டன்’. ஐம்பது மாடி உயரத்தில் ஏழு புளோக்குகள், 1,848 வீடுகள். 26-ஆம் மாடியிலும் 50-ஆம் மாடியிலும் ஏழையும் இணைத்து வானப் பாலங்கள் ஓடுகின்றன. 2009 டிசம்பரில் கட்டி முடித்தார்கள். அங்கே வசிக்காதவர்கள் ஆறு வெள்ளி கட்டி ஐம்பதாவது மாடிக்குப் போகலாம். ஏறிப் பார்த்தேன். ஒரு பக்கம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் நங்கூரமிட்ட கப்பல்களும். இன்னொரு பக்கம் சீனர்கள் கட்டிய பழைய கடைவீடுகளின் சிவப்பு ஓட்டுக் கூரைகள், அவற்றுக்குப் பின்னால் கண்ணாடிக் கோபுரங்கள். கோடீஸ்வரர்களுக்கு மட்டுமே வாய்க்கும் என்று நாம் நினைக்கும் காட்சி அது. அதைப் பார்த்தபடி துணி காயப்போடுகிறவர்கள் அரசு வீட்டில் குடியிருப்பவர்கள்.

அந்த நிலத்துக்கு ஒரு வரலாறு உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், உள்ளூர்த் தமிழில் சுருக்கமாக வீவக, 1960 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. நகரின் நடுவில் அது முதலில் எழுப்பிய கட்டடங்களில் இரண்டு, 1963-இல் இதே இடத்தில்தான் நின்றன. அதற்கு முன்பு சைனாடவுன் பகுதியின் கடைவீடுகளில் மாடிகளைப் பலகையால் தடுத்துத் தடுத்து, சன்னல் இல்லாத அறைகளில் குடும்பங்கள் வாழ்ந்தன. பேரிங்டன் கே என்ற ஆய்வாளர் 1950-களில் அப்பர் நான்கின் தெருவில் வீடு வீடாகக் கணக்கெடுத்து அந்த நெரிசலைப் புத்தகமாகப் பதிவு செய்திருக்கிறார். நகருக்கு வெளியே அத்தாப்பு ஓலைக் குடிசைகள். 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அவசரமாக வீடு கட்டியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது.

வேகமாகக் கட்டியதை மட்டும் சொன்னால் கதை பாதிதான். 1966-இல் வந்த நிலக் கையகப்படுத்தல் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். பொதுத் தேவைக்கென்றால் அரசு சந்தை விலைக்கும் குறைவாக நிலத்தை எடுத்துக்கொள்ள அது வழி செய்தது. நிலத்தை இழந்தவர்களுக்கு அது கசப்பான சட்டம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சட்டம் இல்லாமல் நகர் நடுவில் ஏழைக்கு ஒரு மாடிகூடக் கிடைத்திருக்காது. 1968-இல் மத்திய சேமநிதிப் பணத்தை வீட்டுத் தவணைக்குப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தார்கள். மாதச் சம்பளக்காரர் கையிலிருந்து பெரிதாகப் பணம் போடாமல் 99 ஆண்டுக் குத்தகையில் வீடு வாங்க முடிந்தது. இன்று சிங்கப்பூர்வாசிகளில் பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு வீவக வீடுகளில் வாழ்கிறார்கள்.

டக்ஸ்டனிலிருந்து பழைய கடைவீட்டுத் தெருக்கள் வழியாக சைனாடவுனுக்கு நடந்தேன். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827 முதல் வழிபாடு நடக்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் கோபுரம். அதைத் தாண்டித் திரும்பினால் ஸ்மித் தெருவில் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ். கீழ்த்தளத்தில் மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தை, தரைமட்டத்தில் சில்லறைச் சாமான் கடைகள், அதற்கு மேல் 200-க்கும் அதிகமான சாப்பாட்டுக் கடைகள் கொண்ட உணவங்காடி. சிங்கப்பூரின் மிகப் பெரிய உணவங்காடி இதுதான். சுற்றிலும் வீடுகள். 1983-இல் இது திறந்தபோது ட்ரெங்கானு தெரு, ஸ்மித் தெரு ஓரங்களில் தள்ளுவண்டி வைத்திருந்தவர்கள் உள்ளே குடிபெயர்ந்தார்கள்.

தெருவோர வியாபாரிகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த ஊர் சொன்ன பதிலை நின்று கவனிக்க வேண்டும். 1968, 1969 ஆண்டுகளில் தீவு முழுக்கக் கணக்கெடுத்து, தெருவில் விற்றவர்களுக்கு உரிமம் கொடுத்தார்கள். 1970-களின் தொடக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் கழிவுநீர்க் கால்வாயும் உள்ள உணவங்காடிகளைக் கட்டி, 1986-க்குள் எல்லாரையும் அவற்றுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். முதல் தலைமுறைக்காரர்களுக்குக் கடை வாடகையை அரசு மானியத்தில் மிகக் குறைவாக வைத்தது. அவர்களை ஊருக்கு வெளியே துரத்தாமல் அவர்கள் விற்ற தெருவுக்குப் பக்கத்திலேயே கூரை போட்டுக் கொடுத்ததுதான் இதன் உயிர்நாடி. வாடிக்கையாளர் விட்டுப் போகவில்லை, வியாபாரமும் படுக்கவில்லை. 2016-இல் இங்கே மாடியில் சோயா கோழிச்சோறு விற்ற ஒரு சிறு கடைக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. 2020 டிசம்பரில் உணவங்காடிப் பண்பாட்டையே யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்கெல்லாம் முன்பே பக்கத்து வீட்டு ஆயாவின் காலைக் கஞ்சிக்கு அந்தக் கடைகள் பொறுப்பேற்றுவிட்டன.

மதியம் அங்கே ஒரு மேசையைப் பங்கிட்டுக்கொண்டேன். எதிரில் நீலச் சட்டையும் ‘டை’யுமாக ஒரு வங்கிக்காரர். பக்கத்தில் பனியனோடு ஒரு முதியவர், பாலில்லாக் கோப்பியைச் சாஸரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார். வங்கிக்காரர் நூடுல்ஸை முடித்துத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, முதியவர் தன் கோப்பையையும் அதன்மேல் வைத்துத் தலையசைத்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாடகை கட்டுப்படியாகிற இடத்தில்தான் இப்படி இரண்டு வருமானங்கள் ஒரு மேசையில் உட்காரும். கட்டடத்தின் முன்னால் கிரேத்தா ஆயர் சதுக்கத்தில் நாள் முழுக்கச் சீனச் சதுரங்கம் நடக்கிறது. ஆடுகிறவர் இருவர், வேடிக்கை பார்த்து யோசனை சொல்கிறவர் பத்துப் பேர். அவர்களில் பலர் ஓரறை, ஈரறை வாடகை வீடுகளில் இருப்பவர்கள். மிகக் குறைந்த வருமானம் உள்ளவருக்கு ஓரறை வீட்டின் மாத வாடகை 26 வெள்ளியிலிருந்து தொடங்குகிறது. அதே தெருவில் சுற்றுலாப் பயணி ஒரு நண்டுக் குழம்புக்கு அதைவிட அதிகம் கொடுத்துவிட்டுப் போகிறார்.

வாடகை வீடு என்றால் எல்லாம் சுகம் என்று எழுதிவிட மாட்டேன். தனியாளாக இருப்பவர் முன்பின் தெரியாத இன்னொரு தனியாளோடு ஓரறையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு உண்டு. எழுபது வயதில், சுவர் இல்லாத அறையில் அந்நியரின் இருமலோடு தூங்குவது லேசான காரியம் இல்லை. சமூகவியலாளர் தியோ யூ யென் 2018-இல் எழுதிய புத்தகம் வாடகை வீட்டு மனிதர்களின் வாழ்க்கையை அந்த நாட்டின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தது. ஆனாலும் ஊர் நடுவில் அந்த அறை இருப்பதால் மருத்துவமனை, சந்தை, பழைய நண்பர்கள் எல்லாம் நடைதூரத்தில் இருக்கின்றன. வயதானவருக்கு அதுதான் பாதி மருந்து.

மறுநாள் பிராஸ் பாசாவில் தொடங்கினேன். 1980-இல் கட்டிய பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸைப் புத்தக நகரம் என்றே சொல்வார்கள். ஹை ஸ்ட்ரீட், நார்த் பிரிட்ஜ் சாலைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகள் பல இங்கே வந்து சேர்ந்தன. கடைகளின் தலைக்கு மேல் வீவக வீடுகள் வரிசையாக உயர்கின்றன. எதிரே தேசிய நூலகம், கூப்பிடு தூரத்தில் ராஃபிள்ஸ் ஹோட்டல். இப்படி ஓர் இடத்தில் பழைய புத்தகம் விற்றுப் பிழைக்க முடிகிறது என்பதே பெரிய செய்தி.

அங்கே கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு கடை. கதவை அகலமாகத் திறந்தால் உள்ளே இருப்பவர் வெளியே நிற்க வேண்டும், அவ்வளவுதான் இடம். கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகிய பெரியவர் என் அப்பாவின் பழைய எச்எம்டியை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். பின்மூடியைத் திறந்து, ஊசிமுனை அளவு எண்ணெயைக் கம்பியால் தொட்டு வைத்தார். மரப்பெட்டியில் பல் சக்கரங்கள் அளவு வாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. “பதினைந்து வெள்ளி. நாளைக்கு வா” என்றார். பளிங்குத் தரை போட்ட வணிக வளாகத்தில் பதினைந்து வெள்ளி வேலைக்கு ஒரு நாள் முழுக்க ஒருவர் குனிந்து உட்கார்ந்திருக்க முடியாது. அந்தக் கைத்திறன் அங்கேயே தொடர்வதற்குக் காரணம் வாடகை.

ஆனால் அந்த வாடகைக்கும் ஆபத்து உண்டு. 1990-களில் வீவக தன் கடைகளில் பலவற்றை அப்போது வாடகைக்கு இருந்தவர்களுக்கே விற்றது. வாங்கியவருக்கு அது வரம். பிறகு கைமாறிப் போன கடைகளின் வாடகையைச் சந்தைதான் தீர்மானிக்கிறது. உணவங்காடிகளிலும் மூத்த தலைமுறையினர் விலகும்போது அந்தக் கடை ஏலத்துக்கு வருகிறது. புதிதாக வருகிறவர் எவ்வளவு கேட்டாரோ அதுவே வாடகை. 2012-க்குப் பிறகு குறைந்தபட்ச ஏலத்தொகையை எடுத்துவிட்டார்கள். உள்வாடகைக்கு விடவும் தடை போட்டிருக்கிறார்கள். நல்ல விதிகள். இருந்தாலும் போட்டி கடுமையான இடங்களில் மாதம் ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு ஏலம் போகிறது. அந்தக் கடைக்காரரிடம் போய், சோற்றின் விலையை ஏற்றாதே என்று யார் சொல்வது?

பிராஸ் பாசாவிலிருந்து வாட்டர்லூ தெருவுக்குப் போனேன். குவான் இம் கோயிலும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் அடுத்தடுத்து நிற்கும் தெரு அது. சீனக் கோயிலில் கும்பிட்ட கையோடு வந்து கிருஷ்ணர் முன்னாலும் ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கலாம். தாமரை மொட்டு விற்கும் பெண்களிடம் பேரம் நடந்துகொண்டிருந்தது. சற்றே தள்ளி ஆல்பர்ட் சென்டர் ஈரச்சந்தையும் உணவங்காடியும், மேலே வீடுகள். அங்கிருந்து ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் திரும்பினால், இந்த நடையில் நான் காண முடியாமல் போன ஒரே இடம்.

ரோச்சோர் சென்டர் 1977-இல் கட்டப்பட்டது. நான்கு புளோக்குகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வண்ணம். 500-க்கும் மேற்பட்ட குடும்பங்கள். கீழ்த்தளங்களில் கோப்பிக் கடை, பூசைச் சாமான் கடை, முடிதிருத்தகம், மருந்தகம். வடக்கு–தெற்கு விரைவுச்சாலைக்காக அது இடிக்கப்படும் என்று 2011 நவம்பரில் அறிவித்தார்கள். வீட்டுக்காரர்களுக்குக் காலாங்கில் மாற்று வீடு கட்டிக் கொடுத்தார்கள். 2016 இறுதிக்குள் காலி செய்தார்கள். 2018-இல் இடித்தாயிற்று. வீடிழந்த யாரும் தெருவில் நிற்கவில்லை, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் வீடு ஒரு திசையிலும் கடைகள் பல திசைகளிலும் பிரிந்தன. கடனுக்குச் சாமான் கொடுத்த கடைக்காரரையும், பெயர் சொல்லாமலே கோப்பி கொண்டுவந்து வைத்தவரையும் எந்த ஆணையமும் மாற்றிடத்தில் ஒதுக்கித் தர முடியாது. மேலே வீடும் கீழே கடையும் ஒன்றையொன்று வாழவைத்தன. பிரித்ததும் இரண்டுமே கொஞ்சம் இளைத்தன.

இன்னொரு இழப்பு சத்தமில்லாமல் நடக்கிறது. பின்னக்கல் வீடுகளை 2004-இல் விற்பனைக்கு அறிவித்தபோது நான்கறை வீட்டின் விலை மூன்று லட்சம் வெள்ளிக்கும் கீழே தொடங்கியது. ஐந்தாண்டு குடியிருந்த பிறகு விற்கலாம் என்பது விதி. அப்படி விற்பனைக்கு வந்த வீடுகள் பிறகு பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டிப் போயின. குலுக்கலில் வீடு விழுந்தவருக்கு யோகம். அடுத்து வாங்குகிறவர் வசதியானவராகத்தான் இருக்க முடியும். பொதுப்பணத்தில் நகர் நடுவில் கட்டிய வீடு ஒரே ஒரு தலைமுறைக்குத்தான் மலிவாக இருந்தது.

இதற்கு அரசு கண்ட மருந்து, ரோச்சோர் சென்டர் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே 2021 நவம்பரில் விற்பனைக்கு வந்த ‘ரிவர் பீக்ஸ்’ திட்டம். முக்கிய இடங்களில் கட்டும் பொது வீடுகளுக்கென்று அந்த ஆண்டு அறிவித்த புது விதிகள் முதலில் நடைமுறைக்கு வந்தது இங்கேதான். பத்தாண்டு குடியிருந்தால்தான் விற்கலாம். விற்கும்போது கூடுதல் மானியத்துக்கு ஈடாக விலையில் ஒரு பங்கை அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். முழு வீட்டையும் வாடகைக்கு விடவே கூடாது. வாங்குகிறவருக்கும் வருமான வரம்பு உண்டு. ஏழைகளுக்கான வாடகை வீடுகளையும் அதே வளாகத்தில் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது, முன்பு போட்ட கணக்கில் ஓட்டை இருந்ததை ஒப்புக்கொண்டு அடைக்க முயன்றதுதான். கடைகளின் வாடகைக்கும் இதே துணிவு வர வேண்டும்.

சிலிகி சாலையில் 1963-ஆம் ஆண்டின் சிலிகி ஹவுஸ் புளோக்குகளைத் தாண்டி சிராங்கூன் சாலையில் நுழைந்தால் மல்லிகை வாசம். தேக்கா பகுதி வந்துவிட்டது. 1982-இல் எழுந்த தேக்கா சென்டரில் தரைமட்டத்தில் ஈரச்சந்தையும் உணவங்காடியும், மாடியில் துணிக்கடைகளும் தையல்காரர்களும். ஒட்டியே பஃபலோ ரோடு வீவக புளோக்குகள். சந்தையில் முருங்கைக்கீரைக் கட்டுக்குப் பக்கத்தில் சீனக் கடுகுக்கீரை. ஆட்டுக்கறிக் கடையில் தொடைக்கறியைக் கேட்ட அளவுக்கு நறுக்கி எலும்பைத் தனியே பொட்டலம் கட்டினார்கள்.

மாடியில் ஒரு தையல்காரர் ரவிக்கைக் கைக்கு அளவு குறித்துக்கொண்டிருந்தார். இடம் நன்றாக இருக்கிறது என்றேன்.

“நல்லா இருக்கு தம்பி. கீழே மீன் வாங்க வர்றவங்கதான் மேலே வந்து துணி குடுக்குறாங்க. மீன் கடை போயிடுச்சுன்னா எனக்கும் வேலை இல்லை” என்றார். “2023-ல புதுப்பிக்கிறதுக்குன்னு மூணு மாசம் கீழே மூடினப்போ, மாடிப்படியில ஆள் ஏறுற சத்தமே இல்லை.”

“இங்கேதான் குடியிருக்கீங்களா ஐயா?”

“பக்கத்து புளோக்குலதான். மத்தியானம் சாப்பிட்டு, ஒரு கண் அசந்துட்டு வந்து உட்காருவேன்.”

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் கால் வைக்க இடமிருக்காது. தீவின் ஓரங்களில் உள்ள தங்குவிடுதிகளிலிருந்து தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் வங்கதேசத்துத் தொழிலாளர்களும் வந்து இறங்குகிறார்கள். கட்டணம் குறைந்த முடிதிருத்தகம், பணம் அனுப்பும் கடை, பழைய கைப்பேசி விற்கும் கடை, வாழையிலைச் சாப்பாடு. இவை இல்லாவிட்டால் அவர்களுக்கு இந்த நகரத்தில் உட்கார ஓர் இடம் கிடையாது. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் சந்தை வாசல் திட்டில் உட்கார்ந்து பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். துவாஸ் பக்கத்தில் விடுதியாம்.

“வீவக புளோக்கு மூணு கட்டியிருக்கோம்ணே. சாரம் பிரிக்கிறப்ப மேலேர்ந்து பார்த்தா கடலே தெரியும்” என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமிதம் எனக்குக் கேட்டது.

மலேசியர் அல்லாத வெளிநாட்டுக் கட்டுமானத் தொழிலாளி வீவக வீட்டில் வாடகைக்குக்கூட இருக்க முடியாது என்பது விதி. அவர் எழுப்பும் சுவருக்குள் அவருக்கு ஓர் அறையும் இல்லை. நகர் நடுவில் எளியவருக்கு இடம் வேண்டும் என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பு முடிவெடுத்து, அதை நடத்தியும் காட்டிய நாடு இது. அதனாலேயே இந்தக் குறை எனக்கு மற்ற எந்தக் குறையையும்விட அதிகமாக உறுத்துகிறது.

நிலத்தைப் பொதுவில் வைத்திருப்பது, குத்தகைக்குக் காலவரம்பு போடுவது, கடை வாடகையைக் கட்டுக்குள் வைப்பது, வீட்டையும் கடையையும் ஒரே கட்டடத்தில் சேர்ப்பது. இந்த நான்கும் சேர்ந்து இழுத்ததால்தான் தையல்காரர் தன் வேலைக்குப் படியிறங்கிப் போகிறார், முதியவர் வங்கிக்காரரோடு மேசையைப் பகிர்கிறார். ஒன்று தளர்ந்தால் மற்றவையும் தளரும் என்பதை ரோச்சோரும் பின்னக்கல்லும் காட்டிவிட்டன. நகரத்தின் நடுப்பகுதி பணம் கொடுப்பவருக்கே என்பது இயற்கை நியதி இல்லை, யாரோ எடுத்த முடிவு. அதை மாற்றி எடுக்கலாம் என்பதற்குச் சிங்கப்பூர் சாட்சி. அந்த முடிவைக் காக்க ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக விதி எழுத வேண்டியிருக்கிறது. அடுத்து எழுதும் விதி, சாரத்தின் மேல் நின்று கடலைப் பார்த்த அந்த இளைஞருக்கும் இடம் தருவதாக இருக்க வேண்டும்.